ஸ்டேஷன் படியேறாத திருட்டுகள்

இங்கிலாந்தில் ஒரு சராசரி மனிதர் வழிப்பறிக்கு ஆளாக வேண்டுமானால் 500 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அவர் வீட்டுக்குள் திருடன் நுழைய 40 ஆண்டுகள். கார் களவு போக 60 ஆண்டுகள். கேட்டால் ஜோக் மாதிரி இருக்கிறது. ஆனால் இது 1983-ல் பிரிட்டன் உள்துறை அமைச்சகம் வெளியிட்ட அறிக்கையில் இருந்த கணக்கு.

லண்டனில் இஸ்லிங்டன் என்று ஒரு பகுதி. அங்கே குடியிருந்தவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள், அல்லது சண்டைக்கு வந்திருப்பார்கள். 1985-ல் அங்கே வீடு வீடாகப் போய் விசாரித்தபோது, கடந்த 12 மாதங்களுக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு குடும்பத்தில் வீடு புகுந்து திருட்டு, வழிப்பறி, பாலியல் தாக்குதல் போன்ற பெரிய குற்றம் ஏதாவது ஒன்று நடந்திருந்தது.

ஒரே நாடு, ஏறக்குறைய ஒரே காலம். இரண்டு கணக்குமே போலீஸ் பதிவேட்டிலிருந்து வந்தவை அல்ல. மக்களிடம் நேரில் கேட்டு எடுத்தவை. இரண்டுமே பொய்யும் இல்லை. பின்னே எப்படி இவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன?

குற்றத்தை எண்ணுவது லேசான வேலை என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஸ்டேஷனில் பதிவேடு இருக்கிறது, வழக்கு எண் இருக்கிறது, கூட்டினால் தீர்ந்தது. உலகம் நெடுங்காலம் அப்படித்தான் கூட்டிக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு திருட்டு அந்தப் பதிவேட்டுக்குள் போய்ச் சேர எத்தனை படி ஏற வேண்டியிருக்கிறது! பறிகொடுத்தவருக்கு அது முதலில் தெரிய வேண்டும். போய்ச் சொன்னால் பலன் இருக்கும் என்று அவர் நம்ப வேண்டும். வேலைக்கு லீவு போட வேண்டும். ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பவர் காது கொடுக்க வேண்டும். கேட்டதை எழுத வேண்டும். எழுதுவதை உரிய பிரிவில் எழுத வேண்டும். எந்தப் படியில் சறுக்கினாலும், கணக்கைப் பொறுத்தவரை அந்தத் திருட்டு நடக்கவே இல்லை.

இந்த ஓட்டையை முதலில் பெரிய அளவில் அளந்து பார்த்தது அமெரிக்கா. 1960-களில் அங்கே குற்றம் ஏறிக்கொண்டே போவதாகப் பெரும் பேச்சு. அதிபர் லிண்டன் ஜான்சன் 1965-ல் ஒரு கமிஷன் அமைத்தார். ஏறுவது குற்றம்தானா, அல்லது அதை எழுதி வைக்கும் பழக்கமா என்ற கேள்விக்குப் பதிவேட்டைப் புரட்டினால் விடை கிடைக்காது. அதனால் 1966-ல் சிகாகோவின் தேசியக் கருத்து ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் 10,000 குடும்பங்களிடம் விசாரித்தார்கள். ‘போன வருஷம் உங்களுக்கு என்ன நடந்தது?’ என்பது முதல் கேள்வி. ‘போலீஸில் சொன்னீர்களா?’ என்பது அதற்குப் பிறகுதான். வீடு புகுந்து திருட்டு மட்டும் பதிவேட்டில் இருந்ததைப் போல சுமார் மூன்று மடங்கு நடந்திருப்பது தெரிந்தது. 1972 முதல் அந்த நாடு இந்த விசாரிப்பை விடாமல் நடத்திவருகிறது.

பிரிட்டன் பத்து வருடம் கழித்து, 1982-ல் தொடங்கியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 11,000 வீடுகள். வீட்டுக்கு ஒருவர், 16 வயதுக்கு மேற்பட்டவர். வீடு புகுந்து திருட்டு, போலீஸ் கணக்கைப் போல இரண்டு மடங்கு என்று வந்தது. பொருளை உடைத்துப் பாழாக்கும் நாசவேலை, பத்து மடங்குக்கும் மேல். கார் களவு மட்டும் இரண்டு கணக்கிலும் கிட்டத்தட்ட ஒத்துப்போனது. காரணம் வேடிக்கையானது. இன்ஷூரன்ஸ் பணம் வேண்டுமானால் போலீஸில் எழுதிக்கொடுத்தே ஆக வேண்டும். மற்றதற்கெல்லாம் ஏன் போகவில்லை என்று கேட்டபோது பெரும்பாலோர் சொன்ன பதில்கள் இரண்டு: ‘இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா?’, ‘போலீஸால் என்ன செய்துவிட முடியும்?’ இந்த இரண்டு வாக்கியங்களும் எந்த ஊர் டீக்கடைக்கும் பொருந்தும்.

அந்தச் சர்வேயின் முதல் அறிக்கையில்தான் 500 ஆண்டுக் கணக்கு வந்தது. எழுதியவர்களின் எண்ணம் நல்லதுதான். நாளிதழ்களைப் படித்து மிரண்டு போயிருக்கும் ஜனங்களே, உங்கள் பயத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நினைத்தார்கள். வகுத்தலில் பிழை இல்லை. ஆனால் அமைதியான கிராமத்துப் பண்ணை வீட்டையும், படிக்கட்டில் பல்பு எரியாத நகரத்து அடுக்குமாடியையும் ஒன்றாகக் கூட்டி வகுத்தால் கிடைக்கும் அந்தச் சராசரி மனிதர், நாட்டில் எந்தத் தெருவிலும் குடியிருப்பதில்லை.

மேலும் 11,000 வீடுகளை ஒரு நாடு முழுக்கத் தூவினால் ஒரு தெருவுக்கு ஒரு வீடுகூட வராது. தெருவின் நிலவரம் தெரிய வேண்டுமானால் அந்தப் பகுதியிலேயே நெருக்கமாகக் கேட்க வேண்டும். இஸ்லிங்டனில் ஜாக் யங், ட்ரெவர் ஜோன்ஸ், பிரையன் மெக்லீன் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் அதைத்தான் செய்தார்கள். ஒரே பகுதியில் சுமார் 2,000 பேர். அங்கே பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள், இருட்டிய பிறகு வெளியே போவதைத் தவிர்ப்பதாகச் சொன்னார்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இரவில் வெளியே வராத பெண், தெருவில் வழிப்பறிக்கு ஆளாக மாட்டார். அதனால் பெண்கள் பறிகொடுக்கும் எண்ணிக்கை குறைவாக வரும். அந்தக் குறைந்த எண்ணைக் காட்டி, ‘ஆபத்து குறைவு, பெண்களுக்குப் பயம்தான் அதிகம்’ என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருப்பதால் கிடைத்த பாதுகாப்பை அவர்களுக்கு எதிரான சாட்சியாக எப்படி வைக்க முடியும் என்று இஸ்லிங்டன் ஆய்வு திருப்பிக் கேட்டது.

சரி, நேரில் போய்க் கேட்டுவிட்டால் உண்மை வந்து கொட்டிவிடுமா? வராது. கேட்பதில்தான் பாதி வித்தை இருக்கிறது.

முதல் இடைஞ்சல் ஞாபகம். ‘கடந்த ஆறு மாதத்தில் ஏதாவது களவு போனதா?’ என்று கேட்டால், இரண்டு வருடம் முன்பு போன சைக்கிளையும் சேர்த்துச் சொல்வார்கள். பொய் சொல்லும் எண்ணம் இருக்காது. மனதை உறுத்தும் சம்பவம் நேற்று நடந்தது போலக் கிட்டத்தில் தெரியும். அற்ப விஷயங்களோ போன மாதம் நடந்திருந்தாலும் மறந்துபோகும். நம் வீடுகளில் ‘அது தீபாவளிக்கு முன்னாடியா, பின்னாடியா?’ என்று கேட்டுத் தேதியைப் பிடிப்போமே, சர்வே எடுப்பவர்களும் அப்படித்தான் பண்டிகை, பிறந்தநாள் என்று முளை அடித்துக் கேட்கிறார்கள். அமெரிக்காவில் இன்னொரு வழி வைத்திருந்தார்கள். ஒரே வீட்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை மொத்தம் ஏழு தடவை போவார்கள். முதல் தடவை கிடைத்த பதில்களைப் பல ஆண்டுகள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அடுத்த முறை வரும்போது, ‘நீங்கள் போன தடவை சொன்னீர்களே, அதற்குப் பிறகு?’ என்று கேட்பதற்கான எல்லைக்கோடு மட்டும்தான் அது. இந்த யோசனை குற்றவியலில் பிறந்ததுகூட இல்லை. வீட்டு ரிப்பேருக்கு ஜனங்கள் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று 1960-களில் ஆராய்ந்தவர்களிடமிருந்து வந்தது.

இரண்டாவது இடைஞ்சல் கூச்சம். இது ஞாபக மறதியை விடப் பொல்லாதது. 1970-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். போலீஸில் ஏற்கெனவே புகார் கொடுத்தவர்களின் பெயர்களை ஸ்டேஷனிலிருந்தே எடுத்து, அவர்களிடமே போய், தெரியாதது போல ‘உங்களுக்கு ஏதாவது நடந்ததா?’ என்று கேட்டார்கள். வீட்டில் திருட்டுக் கொடுத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் சொல்லிவிட்டார்கள். அடி உதைக்கு ஆளானவர்களில் பாதிப் பேர்கூடச் சொல்லவில்லை. அடித்தது சொந்தக்காரராக இருந்தாலோ, நாலில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. இத்தனைக்கும் இவர்கள் ஒரு முறை துணிந்து போலீஸ் வரை போனவர்கள்!

அன்னியன் செய்தது சர்வேயில் வந்துவிடுகிறது. வீட்டுக்குள் இருப்பவர் செய்தது வெளியே வர மறுக்கிறது. கூடத்தில் கணவர் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும்போது மனைவியிடம் ‘உங்களை யாராவது அடித்தார்களா?’ என்று கேட்டால் என்ன பதில் வரும்? பிரிட்டனில் 1990-களில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இந்தக் கேள்விகள் வரும்போது, வந்தவர் லேப்டாப்பைத் திருப்பி எதிரில் இருப்பவரிடமே கொடுத்துவிடுவார். படித்து, பொத்தானை அமுக்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும். என்ன அமுக்கினார் என்பது கேட்க வந்தவருக்கே தெரியாது. வாயால் சொல்லாதது விரலால் வந்தது.

பாதிக்கப்பட்டவரிடம் உட்கார்ந்து பேசுவதால் எண்ணிக்கை மட்டும்தான் கிடைக்குமா என்றால், கிர்க்ஹோல்ட் கதையைச் சொல்ல வேண்டும். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ராச்டேல் என்றொரு ஊர். அங்கே உள்ளாட்சி கட்டி வாடகைக்கு விட்ட 2,000-க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட குடியிருப்புதான் கிர்க்ஹோல்ட். 1980-களின் நடுவில் வருடத்துக்கு நாலு வீட்டுக்கு ஒரு திருட்டு என்கிற நிலைமை. ரோந்தைக் கூட்டு, கேமரா வை என்று தொடங்குவதற்கு முன்னால், கென் பீஸ் என்ற பேராசிரியரும் உடன் இருந்தவர்களும் பறிகொடுத்தவர்களிடம் பேசினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பேசினார்கள். பிடிபட்ட திருடர்களிடமும் பேசினார்கள்.

இரண்டு விஷயங்கள் வெளியே வந்தன. ஒன்று, அந்த வீடுகளில் கேஸுக்கும் கரண்டுக்கும் காசு போட்டால் ஓடும் மீட்டர் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வீடு ஒரு உண்டியல் மாதிரி. நடந்த திருட்டுகளில் ஏறக்குறைய பாதியில் அந்த மீட்டர் காசு போயிருந்தது. திருடனுக்கு நகை எங்கே இருக்கிறது என்று தேடும் சிரமமே இல்லை. இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியமானது. ஒரு முறை திருட்டுப் போன வீட்டில் மறுபடி திருட்டுப் போகும் வாய்ப்பு மற்ற வீடுகளைப் போல நாலு மடங்கு இருந்தது.

யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. எந்த ஜன்னல் பலவீனம், எத்தனை மணிக்கு வீட்டில் ஆள் இருக்காது, போன தடவை தூக்க முடியாமல் விட்டு வந்தது என்ன என்பதெல்லாம் வந்தவனுக்குத் தெரியும். ஆனால் பதிவேட்டில் ஒவ்வொரு திருட்டும் தனித்தனி வழக்கு எண். ஜனவரியில் எழுதியவர் ஒருவர், மார்ச்சில் எழுதியவர் இன்னொருவர். ‘போன தடவை வந்தபோதும் இந்த ஜன்னல் வழியாகத்தான் சார் வந்தான்’ என்று சொல்லக்கூடியவர் அந்த வீட்டுக்காரர் ஒருவர்தான்.

உண்டியல் மீட்டர்களை எடுத்தார்கள். திருட்டுப் போன வீட்டின் பூட்டையும் கதவையும் உடனே பலப்படுத்தினார்கள். குடியிருப்பு முழுவதற்கும் காவல் போடவில்லை. பறிகொடுத்த வீட்டைச் சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டுக்காரர்களிடம் மட்டும் ‘கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்டுக்கொண்டார்கள். பட்டுப்புழுவைச் சுற்றிக் கூடு இருப்பது போல. 1986-87-ல் 526 ஆக இருந்த திருட்டு அடுத்த வருடம் 223 ஆனது. 1989-90-ல் 132. இதே வைத்தியம் பிற்பாடு போன எல்லா ஊரிலும் இதே வேகத்தில் பலிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒரே வீடு மறுபடி மறுபடி அடி வாங்குகிறது என்ற பாடம் அதற்குப் பிறகு யாருக்கும் மறக்கவில்லை.

யாருக்கும் என்று சொன்னது கொஞ்சம் அதிகம். மறந்த இடம் ஒன்று இருந்தது, அதுவும் அந்த நாட்டின் தேசிய சர்வேயிலேயே. ஒரே ஆள் ஒரே மாதிரியான குற்றத்தைத் திரும்பத் திரும்பச் செய்ததாக ஒருவர் சொன்னால், அதில் ஐந்தை மட்டும்தான் எண்ணுவார்கள். கணவர் வருடத்தில் 40 தடவை அடித்தார் என்று ஒரு பெண் சொன்னாலும் கணக்கில் ஏறுவது ஐந்து. புள்ளியியல்காரர்கள் தரப்பிலும் காரணம் இல்லாமல் இல்லை. சர்வேயில் ஒருவர் சொல்வது ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சமமாகப் பெருக்கப்படும். ஒரே ஒருவர் 60 தடவை என்று சொன்னால் தேசத்தின் கணக்கே ஒரு வருடம் துள்ளி, மறு வருடம் விழும். கோடு நேராக ஓட வேண்டும் என்பதற்காக வெட்டினார்கள். வெட்டுப்பட்டது யாருடைய கதை என்று பார்த்தவர் சில்வியா வால்பி என்ற சமூகவியல் பேராசிரியர். சொன்னதை எல்லாம் சொன்னபடி எண்ணிப் பார்த்தார். மொத்த வன்முறைக் குற்றம் 60 சதவிகிதம் கூடியது. வீட்டுக்குள் நடக்கும் வன்முறை 70 சதவிகிதம் கூடியது. 1982-ல் தொடங்கிய அந்த வழக்கத்தை 2019-ல்தான் மாற்றினார்கள். அதிலும் உச்சவரம்பு முழுக்கப் போகவில்லை, உயர்த்தப்பட்டது.

போலீஸ் பதிவேட்டை இந்தச் சர்வேக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் வந்ததால் இன்னொன்றும் நடந்தது. 2014-ல் இங்கிலாந்து, வேல்ஸ் காவல்துறைகளைச் சோதித்த கண்காணிப்பு அமைப்பு, மக்கள் வந்து சொன்ன குற்றங்களிலேயே 19 சதவிகிதம் எழுதப்படவில்லை என்று கண்டது. வருடத்துக்கு எட்டு லட்சத்துக்கும் மேல். பாலியல் குற்றங்களில் 26 சதவிகிதம். அதே ஆண்டு ஜனவரியில் போலீஸ் கணக்குக்கு இருந்த ‘தேசியப் புள்ளிவிவரம்’ என்ற முத்திரையையே பறித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பதிவேட்டில் குற்றம் ஏறத் தொடங்கியது என்றால், அதில் ஒரு பங்கு, எழுதாமல் விட்டதை இப்போது எழுதுவதால் வந்தது.

இதை மனதில் வைத்துக்கொண்டு இந்தியாவுக்கு வந்தால் சில செய்திகள் வேறு மாதிரி தெரியும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் அறிக்கை, எஃப்.ஐ.ஆர். ஆனவற்றைத்தான் எண்ணுகிறது. ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றில் பெரியது ஒன்றுதான் கணக்கு. குற்றம் கூடுவதும் பதிவு கூடுவதும் வேறு வேறு என்று அந்தக் காப்பகமே எச்சரிக்கிறது. ஆனாலும் அறிக்கை வந்த மறுநாள் ‘குற்றத்தில் முதலிடம்’ என்று தலைப்பு வந்துவிடும். தட்டாமல் எஃப்.ஐ.ஆர். போடும் மாநிலத்துக்குக் கெட்ட பெயர், வந்தவரைச் சமாதானப்படுத்தி அனுப்பும் மாநிலத்துக்கு நல்ல பெயர். பிடியாணை இன்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் என்று தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியும், செல்போன் தொலைத்துவிட்டுப் போனவர் கையில் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்புவது தமிழ்நாட்டில் பழகிப்போன காட்சி.

வீடு வீடாகக் கேட்கும் முயற்சி இங்கேயும் நடக்காமல் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் பேராசிரியர் கு.சொக்கலிங்கம், தென்னிந்தியாவின் நான்கு பெரிய நகரங்களில் இதைச் செய்து 2003-ல் வெளியிட்டார். 2017-ல் ஐ.டி.எஃப்.சி. இன்ஸ்டிட்யூட் டெல்லி, மும்பை, பெங்களூரு, சென்னை ஆகிய நகரங்களில் 20,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் கேட்டது. பறிகொடுத்தவை என்று சொல்லப்பட்ட திருட்டுகளில் மிகச் சிறிய பகுதிதான் எஃப்.ஐ.ஆர். வரை போயிருந்தது. ஆனால் இவை ஒரு முறை எடுத்து நின்றுபோனவை. வருடா வருடம் நாடு முழுக்கக் கேட்கும் ஏற்பாடு எதுவும் இந்தியாவில் இல்லை. எந்தத் தெருவில் விளக்கு போடுவது, எங்கே ரோந்து அனுப்புவது என்பதெல்லாம் ஸ்டேஷன் கணக்கை வைத்து முடிவாகிறது. புகார் கொடுத்து அலுத்துப்போய் நிறுத்திவிட்ட தெரு, அந்தக் கணக்கில் அமைதியான தெரு.

ஒரே ஒரு குற்றத்துக்கு மட்டும் நாடு தழுவிய அளவு உண்டு. அதுவும் குற்றத்தை அளக்க வந்த இடத்தில் கிடைத்தது அல்ல, தடுப்பூசியையும் ரத்தசோகையையும் அளக்க வந்த இடத்தில். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், திருமணமான பெண்களில் 29 சதவிகிதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் 38 சதவிகிதம். நாடு முழுவதும் வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் 14 சதவிகிதம் மட்டுமே. அவர்களிலும் பெரும்பாலோர் போனது பிறந்த வீட்டாரிடம். போலீஸுக்குப் போனவர்கள் மிகக் கொஞ்சம்.

இந்தக் கேள்விகளை வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் கேட்க வேண்டும், வேறு யாரும் காதில் விழும் தூரத்தில் இருக்கக் கூடாது என்பது அந்த ஆய்வின் விதி. தனியாகப் பேச இடமே கிடைக்காவிட்டால் கேட்கக் கூடாது. அந்தப் பகுதியை நிரப்பாமல் விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட வேண்டும்.